மூன்றடிக் கடல்நீர்த் தொட்டிக்கு இன்னொரு லைட் வேண்டுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. கணவருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. மகன் ஆசைப்பட்டான் என்று போன ஐப்பசியில் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கிளவுன் மீன், ஒரு லெதர் கோரல், நாலைந்து மஷ்ரூம், ஒரு கொத்து ஜோவா. கடைசி மூன்றும் மென்பவள வகைகள். மேலே, பெட்டியில் 165 வாட் என்று எழுதியிருக்கும் எல்இடி லைட், தண்ணீருக்கு எட்டு அங்குல உயரத்தில் தொங்குகிறது.

சித்திரை பிறக்கும்வரை எல்லாம் நன்றாக இருந்ததாம். அப்புறம் மஷ்ரூம்கள் சுருங்க ஆரம்பித்தன, ஜோவா வெளுத்தது, லெதர் கோரல் நான்கு நாளாக மூடியே கிடந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து 40 சதவீதத்தில் இருந்த லைட்டை 60 ஆக்கினார், பிறகு 80. நிலைமை இன்னும் மோசமானது. கடைக்காரர், லிட்டருக்கு 1 வாட் கணக்கு, உங்கள் தொட்டிக்கு 190 வாட் வேண்டும், இன்னொரு லைட் மாட்டுங்கள், அப்படியே ஆக்ரோபோரா என்ற கடினக் கிளைப் பவளத்தில் ஒரு துண்டும் தருகிறேன் என்கிறார். கொழுந்தனார், லைட்டே எதற்கு, மேற்கு ஜன்னலோரம் தொட்டியை நகர்த்தினால் வெயில் இலவசம் என்கிறார். கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கும் மாமியாருக்கு இரவு பதினொரு மணி வரை எரியும் நீல வெளிச்சத்தில் தூக்கம் வருவதில்லை. கடிதத்தின் கடைசியில், தொட்டித் தண்ணீர் மதியம் 31.5 டிகிரி காட்டுகிறது என்று ஒரே ஒரு வரி. கேள்வி, எந்த லைட் வாங்கலாம் என்பது.

சகோதரி, அந்தக் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு லைட் வாங்காதீர்கள். இருப்பதையும் இன்றே பழைய 40 சதவீதத்துக்கு இறக்குங்கள். கத்திரி முடியும்வரை 30-இல் இருந்தாலும் பாதகமில்லை. ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன். காரணம் புரியாமல் லைட்டின் திருகைத் திருப்பினால், அடுத்த மாதம் யாரோ சொன்னார்கள் என்று மறுபடி ஏற்றிவிடுவீர்கள்.

வெளுத்தால் வெளிச்சம் குறைவு என்பது தலைகீழ்

செடி வெளிறினால் வெயில் போதவில்லை என்று நமக்குப் பழக்கம். துளசி மாடத்தை நகர்த்தி வைத்து வளர்ந்தவர்கள் நாம். பவளம் செடி இல்லை, விலங்கு. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன, ஜூசாந்தெல்லே என்பார்கள். பாசி வெளிச்சத்தில் சமைக்கிறது, பவளம் அதில் பங்கு சாப்பிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பாசியின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். பாசியின் நிறம் பழுப்பு என்பதால் பவளமும் பழுப்பேறும். வெளிச்சம் மிஞ்சினால் பாசி குறையும், நிறமிழக்கும்; சகிக்க முடியாத அளவுக்குப் போனால் பவளம் குடித்தனக்காரனையே வெளியேற்றிவிடும். அதுதான் வெளுப்பு. வீட்டுத் தொட்டியில் பழுப்பேற உணவுச்சத்து அதிகமாவதும் காரணமாகலாம், அது தனிக் கதை. ஆனால் வெளுத்த ஜோவாவுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி மேல் கம்பளி போர்த்துவது மாதிரி.

இதில் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் சூடானால் நுண்பாசியால் வாங்கிய வெளிச்சத்தை ஒழுங்காகச் செலவழிக்க முடியாது. மிச்சமாகும் சக்தி, செல்லைப் பாதிக்கும் ஆக்சிஜன் சேர்மங்களாக மாறுகிறது. 26 டிகிரியில் சுகமாக இருந்த அதே வெளிச்சம் 31.5-இல் தாங்க முடியாததாகிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளங்கள் வெளுத்ததும் கடல் சூடானதால்தான். உங்கள் கூடத்தில் நடந்தது அதன் குட்டி வடிவம். சித்திரை வரை நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாறியது லைட் இல்லை, வெயில்.

லெதர் கோரல் சாகவில்லை

லெதர் கோரல் நான்கு நாள் மூடிக் கிடப்பது பெரும்பாலும் தோல் உரிப்பது. கிட்டே போய், அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேலே மெழுகு பூசினாற்போல ஒரு பளபளப்பு இருக்கும். ஓரத்தில் கஞ்சியாடை மாதிரி மெல்லிசாக ஒரு படலம் பிரிந்து ஆடும். அது இருந்தால் கவலை வேண்டாம். வேவ்மேக்கரின், அதாவது தொட்டி நீரை ஓடவைக்கும் பம்பின், நீரோட்டம் அதன் மேல் படுமாறு கொஞ்சம் திருப்பிவிடுங்கள், படலம் கழன்று போகும். கையால் உரிக்காதீர்கள். ஒரு வாரம், சில நேரம் பத்து நாள் எடுக்கும். பளபளப்பு இல்லாமல் ஏதாவது ஓரிடம் கறுத்து, குழைந்து, நாற்றமடித்தால் மட்டும் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அப்போது எழுதுங்கள்.

மஷ்ரூம் பேசும் மொழி இன்னும் எளிது. வெளிச்சம் குறைந்தால் தட்டு மாதிரி விரியும், மிஞ்சினால் சுருங்கி ஓரம் உள்ளே மடியும். ஜோவா வெளிச்சம் தேடினால் கழுத்து நீண்டு மேலே எட்டிப் பார்க்கும். போதுமென்றால் பாறையோடு ஒட்டிக் குட்டையாக நிற்கும். இந்த இரண்டையும் தினமும் காலையில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி நாள் வெளிச்சம் அளக்கும் மீட்டரே தேவைப்படாது.

லிட்டருக்கு எத்தனை வாட் என்ற கணக்கு

இந்தக் கணக்கு குழல்விளக்குக் காலத்தில் பிறந்தது. எல்லோரும் ஒரே வகை டியூப் மாட்டியபோது வாட் என்றால் ஏறக்குறைய வெளிச்சம். எல்இடியில் அது உடைந்துவிட்டது. ஒரே வாட்டில் ஒரு லைட் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தரலாம். லென்ஸ் குறுகலாக இருந்தால் அத்தனையும் நடுவில் குவியும், ஓரம் இருட்டாகும். அதோடு, பெட்டியில் எழுதியிருக்கும் 165 என்பதும் மீட்டரில் ஓடும் கணக்கு இல்லை. 3 வாட் எல்இடி 55 இருக்கிறது, பெருக்கி அச்சடித்துவிடுகிறார்கள். இந்த ரகம் பொதுவாக 110, 120 வாட்தான் இழுக்கும். பிளக்கில் சொருகும் சின்ன மீட்டர் வாங்கினால் நீங்களே பார்க்கலாம்.

பவளத்துக்கு முக்கியமானது பார் (PAR) என்ற அளவு. பாசி பயன்படுத்தக்கூடிய, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான வெளிச்சம் அந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வது. உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் சுமார் 2,000 இருக்கும். உங்களிடம் இருப்பவற்றுக்கு அதெல்லாம் எதற்கு? மஷ்ரூமுக்கு 30 முதல் 80, ஜோவாவுக்கும் லெதருக்கும் 60 முதல் 150 போதும். நீங்கள் வைத்திருக்கும் ரக லைட்டை எட்டங்குல உயரத்தில் 80 சதவீதத்தில் ஓட்டினால், நடுப்பாறையின் உச்சியில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விழ வாய்ப்பிருக்கிறது. கிளைப் பவளங்கள் கேட்கும் அளவு அது.

கைப்பேசியில் லக்ஸ் செயலி இருக்கிறதே என்பீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும். ரீஃப் லைட், அதாவது பவளத் தொட்டிக்கான லைட், பெரும்பகுதி நீலம். செயலி குறைவாகக் காட்டும், நீங்கள் ஏமாந்து ஏற்றுவீர்கள். பார் மீட்டர் விலை அதிகம். ஒரு நாள் வேலைக்காக வாங்க வேண்டாம். புதுச்சேரியிலும் சென்னையிலும் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மீட்டரை இரவல் கொடுத்துக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

நிறம் பற்றி இரண்டு வரி. உங்கள் லைட்டில் இரண்டு திருகு இருக்கும், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நீலத்தை 40-லும் வெள்ளையை 10-லும் வையுங்கள். சிவப்பு, பச்சை எல்இடிகளால்தான் பாசி வருகிறது என்று பிடுங்கிப் போடுபவர்கள் உண்டு. பாசிக்குச் சாப்பாடு போடுவது தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான். மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள்.

அந்த ஆக்ரோபோரா துண்டு

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல், கல்போல் எலும்பு கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அட்டவணை. கடல் விசிறி, கரும்பவளம், தீப்பவளம், கடல்குதிரை எல்லாம் அதில்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விற்றவருக்கு மட்டுமில்லை, வைத்திருப்பவருக்கும். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தது, இறக்குமதி சரக்கு என்று கடையில் சொல்வார்கள். அதற்கான அனுமதிக் காகிதங்களைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். காகிதம் ஏதாவது நீட்டினாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் தொடாதீர்கள். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஆசிரியைக்கு இப்படியொரு வழக்கு தேவையா?

செத்த பவளக் கல்லுக்கும் இதே சட்டம்தான். லைவ் ராக் என்ற பெயரில், உயிர்கள் ஒட்டிய கடல் பாறையாக வருவதில் பாதி பவள எலும்பு. அடுத்த முறை பாறை சேர்ப்பதானால் பீங்கானில் அல்லது சிமென்ட்டில் செய்த செயற்கைப் பாறை வாங்குங்கள். ஆறு மாதத்தில் அதுவும் ஊதாப் பூச்சு ஏறி அசலாகிவிடும். உங்களிடம் இருக்கும் லெதர், மஷ்ரூம், ஜோவா மூன்றும் நான் மேலே சொன்ன வகைகளில் சேராது. ஆனாலும் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மகனை அழைத்துக்கொண்டு கடலிலிருந்து நாமே எடுத்து வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, சந்தோஷம். பலர் கேட்கிறார்கள். நம் தேவனாம்பட்டினம் கரை மணலும் கெடிலம் கொண்டுவரும் வண்டலும். அங்கே பவளம் கிடைக்காது. கிடைக்கும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலோ கை வைக்கவே கூடாது.

இப்போது லைட் கேள்விக்கே வருகிறோம். இரண்டாவது லைட் என்ற யோசனையே அந்த ஆக்ரோபோராவுக்காக வந்தது. அது இல்லை என்றால் இரண்டாவது லைட்டும் இல்லை. எந்த உயிர் குடியிருக்கப் போகிறது என்று முடிவு செய்தபின்தான் வெளிச்சம் வாங்க வேண்டும். கடைகளில் இது எப்போதும் தலைகீழாக நடக்கிறது.

ஜன்னலோர வெயில்

கொழுந்தனார் சொல்வது முட்டாள்தனம் இல்லை. சூரியனைவிட நல்ல லைட் எந்தக் கம்பெனியும் செய்ததில்லை, வெயிலில் ரீஃப் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேற்கு ஜன்னல், கடலூர், வைகாசி. மாலை மூன்று மணிக்குத் தண்ணீர் 33-ஐத் தொடும். கண்ணாடியின் வெயில் படும் பக்கம் பச்சைப்பாசி பாய் விரிக்கும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடினால் நாள் கணக்கில் வெளிச்சமே இருக்காது; இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அவருக்கு மரியாதையாக இப்படிச் சொல்லிவிடுங்கள்: மார்கழியில் பார்ப்போம்.

காசை எங்கே போடுவது

இரண்டாவது லைட்டுக்கு ஒதுக்கிய காசைத் தண்ணீரைக் குளிர வைக்கச் செலவிடுங்கள். சில்லர் வாங்க முடிந்தால் நல்லது. லைட்டைவிட அது மின்சாரம் தின்னும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் லைட் 40 சதவீதத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 12, 15 யூனிட்தான், இரண்டு மாத பில்லில் பெரிதாகத் தெரியாது. சில்லர் தெரியும். வேண்டாம் என்றால் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும் சின்ன ஃபேன் இரண்டு வைத்தால் 2 டிகிரி வரை இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் திருச்சியில் இறங்குகிற அளவுக்கு இங்கே இறங்காது. ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். எனவே தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம், கடல்தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் மேல் கண்ணாடி மூடி இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பொருக்கு கையில் ஒட்டும். மூடி சூட்டைப் பிடித்து வைக்கும், உப்புப் பொருக்கு வெளிச்சத்தைத் தாறுமாறாகத் தடுக்கும். எடுத்துவிட்டு வலை போடுங்கள், மீன் குதிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: மூடியைத் துடைத்தாலும் எடுத்தாலும் வெளிச்சம் சட்டென்று கூடும். அன்றைக்கே லைட்டை இன்னும் 5 சதவீதம் குறைத்துவிடுங்கள்.

மூடி இல்லாத தொட்டியில் தெறிக்கும் உப்புநீர் லைட்டின் வயர்வரை போகும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். சொட்டும் தண்ணீர் அந்த வளைவிலேயே விழும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச், இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கையை விடும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மகனிடம் இதை நீங்கள் சொல்வதைவிட எலெக்ட்ரீஷியன் சொன்னால் கேட்பான்.

கரண்ட் போனால் லைட்டுக்கு என்ன செய்வது என்று இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். லைட்டை இன்வெர்ட்டரில் போடாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் மென்பவளம் சாகாது. பாசியைப் போக்க மூன்று நாள் தொட்டியை வேண்டுமென்றே மூடி வைப்பவர்களே உண்டு. தண்ணீர் அசையாமல், காற்று இல்லாமல் சில மணி நேரம் போனால் மீன் போய்விடும். இன்வெர்ட்டர் வேவ்மேக்கருக்கு, அதற்கும் மேல் பேட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்ப் அலமாரியில் இருக்கட்டும்.

மாமியாரின் தூக்கம்

அவர் சொல்வது நியாயம். இரவில் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும், பெரியவர்களுக்கு மட்டுமில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும். தொட்டிக்கும் பதினொரு மணி தேவையில்லை. பவளத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் வெளிச்சம் போதும், அதன்பின் நல்ல இருட்டும் வேண்டும். நிலா வெளிச்சம் என்று இரவு முழுக்க நீலத்தை எரிய விடுவது நம் கண்ணுக்கான அலங்காரம். டைமரில் பகல் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து இரவு எட்டரைக்கு அணையும்படி வையுங்கள். பள்ளி விட்டு நீங்கள் வந்தபின் பார்க்க நாலு மணி நேரம் மிச்சம். தொட்டியின் கட்டில் பக்கம் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை ஒட்டினால் பகல் தூக்கமும் கெடாது.

லைட்டை எப்போது ஏற்றலாம் என்று கேட்பீர்கள். தண்ணீர் மதியத்திலும் 28-ஐத் தாண்டாத நிலை வந்து, மஷ்ரூம் மறுபடி விரிந்து, ஜோவா நிறம் திரும்பிய பிறகு. அதற்கு ஆடி ஆகலாம், ஆவணியும் ஆகலாம். அப்போதும் வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஜோவா கழுத்தை நீட்டாத வரை ஏற்றவே அவசியமில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்புங்கள். நீல வெளிச்சத்தில் எடுத்தால் கேமரா எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிடும், எனக்கு ஒன்றும் தெரியாது. நீலத்தை அணைத்து, வெள்ளையை மட்டும் இருக்கிற 10-லேயே விட்டு, அறை டியூப்லைட்டையும் போட்டு, மஷ்ரூம் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்து எடுங்கள். எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளந்து சொல்கிறேன்.